கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது? நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளுக்கான உணவு ஆலோசனை அறையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள் நான். சோதனை முடிவுத் தாளைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் உள்ளே வருவாள். அவளுக்குப் பின்னால் கணவரோ, அம்மாவோ, மாமியாரோ வருவார்கள். உட்காரும் முன்பே "இவள் என்ன சாப்பிட்டதால் இது வந்தது?" என்ற கேள்வி வந்துவிடும். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். உண்மையில் விடையின் பெரும்பகுதி அவள் வயிற்றில் வளரும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அதை விளக்க ஆலோசனை நேரம் போதுவதில்லை என்பதால், திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

இங்கே வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. மருந்தையோ ஊசியின் அளவையோ உங்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

நஞ்சுக்கொடியும் தொப்புள்கொடியும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. தொப்புள்கொடி என்பது குழந்தையின் வயிற்றிலிருந்து வரும் கயிறு போன்ற பகுதி. அந்தக் கயிற்றின் மறுமுனை போய்ச் சேரும் வட்டமான, தட்டையான உறுப்புதான் நஞ்சுக்கொடி. அது கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டி வளர்கிறது. நிறைமாதத்தில் அதன் எடை சுமார் அரைக் கிலோ. விட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். பிரசவத்துக்குப் பின் தட்டில் வைத்துப் பார்த்தால், தாயின் பக்கம் ஈரலைப் போலக் கருஞ்சிவப்பாகப் பாளம் பாளமாக இருக்கும். குழந்தையின் பக்கம் வழுவழுப்பான சவ்வு மூடியிருக்க, கொடி சேரும் இடத்திலிருந்து இரத்தக் குழாய்கள் வேர்களைப் போல நாலாபுறமும் ஓடும்.

பெயரில் "நஞ்சு" இருப்பதால் அது ஏதோ கெடுதல் செய்யும் பொருள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நேரடியாகக் கலக்காமல், மெல்லிய திசுச் சுவரின் இருபுறமும் ஓடி, பிராணவாயுவையும் உணவையும் கழிவையும் மாற்றிக்கொள்ளும் இடம் அது. அதோடு, இந்தப் பக்கத்துக்கு முக்கியமான இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: அது ஒரு பெரிய ஹார்மோன் சுரப்பி.

குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கும் உறுப்பு எதற்காக ஹார்மோன் சுரக்க வேண்டும்?

குழந்தை முக்கியமாகக் குளுக்கோஸை எரித்தே வளர்கிறது. தாய் சாப்பிடும் நேரத்திலும் உறங்கும் நேரத்திலும் அது இடைவிடாமல் கிடைக்க வேண்டும். அதற்குத் தாயின் தசைகள் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொண்டு, கொழுப்பை எரித்துக் காலத்தை ஓட்டப் பழக வேண்டும். அந்த மாற்றத்துக்கான உத்தரவுகளைத்தான் நஞ்சுக்கொடி ஹார்மோன்களாகத் தாயின் இரத்தத்தில் விடுகிறது.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டையும் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதிகம் அறியப்படாத இரண்டு, சர்க்கரை விஷயத்தில் முக்கியமானவை. ஒன்று, 1962இல் ஜோசிமோவிச், மெக்லாரன் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்த பிளாசென்டல் லாக்டோஜன். ஹார்மோன்கள் பொதுவாக மிகச் சிறிய அளவுகளில் சுரப்பவை. இதுவோ நிறைமாதத்தில் நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்குச் சுரக்கிறது. மற்றொன்று, நஞ்சுக்கொடிக்கே உரிய வளர்ச்சி ஹார்மோன். சாதாரண நாட்களில் வளர்ச்சி ஹார்மோனை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விட்டு விட்டுச் சுரக்கும். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அது அடங்கிப்போக, நஞ்சுக்கொடியின் ஹார்மோன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு இடைவெளியின்றிச் சுரக்கிறது. இவற்றுடன் தாயின் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோனும் கூடுகிறது. அதைக் கூட்டுவதிலும் நஞ்சுக்கொடிக்குப் பங்கு உண்டு.

ஹார்மோன் சுரந்தால் சர்க்கரை எப்படி ஏறும்? அதிலேயே சர்க்கரை இருக்கிறதா?

இல்லை. நாம் சாப்பிட்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் தசைக்குள் போக இன்சுலின் வேண்டும். இன்சுலின் தசைச் செல்லின் மேற்பரப்பில் வந்து ஒட்டியதும், அந்தச் செய்தி செல்லுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பல புரதங்கள் வழியாகக் கைமாறிச் செல்கிறது. கடைசியில், உள்ளே காத்திருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. நஞ்சுக்கொடியின் வளர்ச்சி ஹார்மோன் இந்தச் செய்தி நடுவழியிலேயே மங்கும்படி செய்கிறது. லாக்டோஜன் கொழுப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் கூட்டுகிறது. அவை இருக்கும்போது தசை சர்க்கரையை அவ்வளவாக நாடுவதில்லை. கார்டிசால் ஈரலைச் சர்க்கரை செய்யத் தூண்டுகிறது.

விளைவாக, முன்பு ஒரு பங்கு இன்சுலின் செய்த வேலைக்கு இப்போது இரண்டு பங்குக்கு மேல் தேவைப்படுகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இன்சுலினுக்கு உடல் பணியும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கர்ப்பத்தில் ஓரளவு இன்சுலின் எதிர்ப்பு இயல்பானது, வேண்டியதும்கூட.

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுகர் வர வேண்டுமே? என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், அவளுக்கு வரவில்லையே?

நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. நஞ்சுக்கொடியின் வற்புறுத்தல் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அதற்கு ஈடு கொடுக்கும் கணையத்தின் கையிருப்பில்தான் வேறுபாடு இருக்கிறது. உங்கள் அக்காவின் கணையம் தேவைக்கேற்ப இன்சுலினை இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூட்டிக்கொடுத்திருக்கும். அதனால் அவருடைய இரத்தச் சர்க்கரை ஏறவில்லை. உங்கள் கணையமும் கூட்டித்தான் கொடுக்கிறது, ஆனால் தேவையின் அளவை எட்டவில்லை. அந்த இடைவெளிதான் சர்க்கரையாக இரத்தத்தில் தெரிகிறது.

இதில் இயற்கையின் ஏற்பாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாசென்டல் லாக்டோஜனும், தாயின் பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டினும் கணையத்தின் இன்சுலின் செல்களிடம் போய், பெருகவும் அதிகம் சுரக்கவும் தூண்டுகின்றன. எலிகளில் இது மிகத் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது; மனிதர்களில் அந்தச் செல்கள் பெருகும் அளவு எலிகளைவிடக் குறைவு. ஆக, தேவையைக் கூட்டும் அதே ஹார்மோன், அதைச் சமாளிக்கும் வழியையும் கூடவே அனுப்புகிறது. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருப்பது, கர்ப்பத்துக்கு முன்பே உடல் எடை கூடியிருப்பது, வயது கூடியிருப்பது, சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு ஆகியவை அந்தக் கையிருப்பை முன்கூட்டியே சோதித்துவிடுகின்றன. தெற்காசியர்களுக்கு உடல் மெலிந்திருந்தாலும் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. தமிழ்நாட்டில் நடந்து 2008இல் வெளியான ஒரு சமூக ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடு, சிறுநகரப் பகுதியில் 13.8, கிராமப்புறத்தில் 9.9 என்று காணப்பட்டது. நூறு பேரில் பத்து முதல் பதினெட்டுப் பேருக்கு வருவதை ஒருத்தியின் தனிக் குற்றமாகப் பார்ப்பது எவ்வளவு அநியாயம்!

நான் இனிப்பே தொடுவதில்லை. எனக்கு எப்படி வந்தது?

மேலே சொன்னதுதான் காரணம். இனிப்பைக் குறைப்பது இப்போது சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்த உதவும், ஆனால் இனிப்பு தின்றதால் மட்டும் இது வருவதில்லை. நஞ்சுக்கொடியின் ஹார்மோன், பரம்பரை, கணையத்தின் கையிருப்பு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் வருவது இது.

மூன்றாம் மாதம் பார்த்தபோது எனக்குச் சுகர் 78தான். ஏழாம் மாதம் திடீரென்று எப்படி ஏறும்?

தொடக்கத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பைவிடச் சற்று இறங்குவதே வழக்கம். இன்சுலின் சுரப்பு முன்னதாகவே கூடத் தொடங்குகிறது, எதிர்ப்போ பின்னால்தான் வருகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதாலும் அளவு சற்று நீர்த்துத் தெரிகிறது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இன்சுலின் போடும் பெண்களுக்கு முதல் மூன்று மாதங்களில் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோவதும் இந்தக் காலத்தில்தான்.

பிளாசென்டல் லாக்டோஜன் ஆறாம் வார அளவிலேயே தாயின் இரத்தத்தில் தென்படத் தொடங்கும். நஞ்சுக்கொடி வளர வளர அதுவும் ஏறி, 34 முதல் 36 வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு நிற்கும். 24 வாரத்துக்குப் பின் இந்த ஏற்றத்தின் சுமையைக் கணையம் நன்றாக உணரத் தொடங்குகிறது. நம் வீடுகளில் வளைகாப்பு நடக்கும் ஏழாம் மாதம் ஏறக்குறைய இதே காலம். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வகைவகையாகச் சமைத்து, அந்தப் பெண் ஆசை தீரச் சாப்பிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஊட்டுகிறார்கள். அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். வகைக்கு ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, கூடவே சுண்டலும் காய்கறிப் பொரியலும் தட்டில் இருந்தால் சடங்கும் குறையாது, சர்க்கரையும் எகிறாது.

ஏழாம் மாதம்தான் ஏறும் என்றால், முதல் தடவை போகும்போதே ஏன் குளுக்கோஸ் குடிக்கச் சொல்கிறார்கள்?

கர்ப்பத்துக்கு முன்பே யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்ட சர்க்கரையைக் கண்டுபிடிப்பதற்காக. அது நஞ்சுக்கொடியால் வந்ததாக இருக்காது. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களிலேயே சர்க்கரை மிகுந்திருந்தால் பிறவிக் குறைபாடுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே அதை விரைவில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்திய அரசின் வழிகாட்டுதல்படி முதல் பரிசோதனையிலும், அது இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் அருமை. பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணைப் பட்டினியோடு வரச் சொல்வதும், வராவிட்டால் மறுநாள் வரச் சொல்வதும் நடைமுறைக்கு ஒத்துவராது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா இந்த எளிய முறைக்காகப் பெரிதும் பாடுபட்டவர். அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

குளுக்கோஸ் தண்ணீர் குடித்ததும் வாந்தி வந்துவிட்டது. சோதனை செல்லுமா?

குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் செல்லாது. மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அரை மணிக்குப் பிறகு என்றால் சோதனையைத் தொடரலாம். ஒரே மூச்சில் விழுங்காமல் ஐந்து, பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் பெரும்பாலும் வாந்தி வராது.

ஒரே ரிப்போர்ட்டை ஒரு டாக்டர் நார்மல் என்கிறார், இன்னொருவர் சுகர் என்கிறார். யாரை நம்புவது?

இருவரும் வெவ்வேறு அளவுகோல்களைப் பயன்படுத்தியிருக்கலாம். வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்த ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்ற மூன்று வரம்புகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்ளும் முறை ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதை ஏற்றது. முந்தைய விடையில் சொன்ன 140 என்ற ஒற்றை வரம்பு மற்றொரு முறை. உங்கள் இரண்டு மணி நேர அளவு 146 என்றால், ஒரு முறைப்படி சர்க்கரை, மற்றொரு முறைப்படி இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஹேப்போ ஆய்வில், தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் சிக்கல்களும் படிப்படியாகக் கூடுவது தெரிந்தது. இந்த எண்ணுக்குக் கீழே பயமில்லை, மேலே ஆபத்து என்று பிரிக்கும் கோடு எதுவும் அதில் தென்படவில்லை. ஆகவே வரம்பு என்பது வல்லுநர்கள் கூடி முடிவு செய்யும் ஒன்று. எல்லையில் இருப்பவர்கள் உணவைச் சீர்படுத்திக்கொண்டு, சாப்பிட்ட பின் சில நாட்கள் அளந்து பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. அதனால் இழப்பு எதுவும் இல்லை.

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது, ஆனால் மூன்று மாத சராசரி நார்மல். எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கர்ப்பத்தில் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிக இரத்தத்தை வடிகட்டுவதால், இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறிதளவு சிறுநீரில் கசியும். மூன்று மாத சராசரி எனப்படும் சோதனையோ இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அது குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவான சோகை இருந்தால் கூடுதலாகவும் காட்டலாம். நம் கர்ப்பிணிகளில் சோகை எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்கே தெரியும். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனைதான் நம்பத் தக்கது.

என் சர்க்கரை குழந்தைக்குப் போகுமா? குழந்தை சர்க்கரை நோயோடு பிறக்குமா?

குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கும். உங்கள் இரத்தத்தில் எவ்வளவு கூடுகிறதோ அதற்கேற்பக் குழந்தைக்கும் கூடுதலாகப் போகும். ஆனால் உங்கள் இன்சுலின் கடக்காது. ஆகவே வந்து சேரும் சர்க்கரையைக் குழந்தை தன் சொந்தக் கணையத்தைக் கொண்டே சமாளிக்க வேண்டும். அது அதிக இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சிசுவுக்கு வளர்ச்சி ஊக்கியும் ஆகும் என்பதால் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து குழந்தை பருக்கிறது. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதனால் வருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் பெடர்சன் என்ற மருத்துவர் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

ஆகவே குழந்தை சர்க்கரை நோயோடு பிறப்பதில்லை. பிறந்தவுடன் வரக்கூடியது அதற்கு நேர்மாறான சிக்கல். கொடியைத் துண்டித்த நொடியில் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது, குழந்தையின் இன்சுலின் மட்டும் சில மணி நேரம் மிகுந்தே இருக்கிறது. அதனால் குழந்தையின் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். இப்படிப்பட்ட குழந்தைக்குக் குதிகாலில் குத்தி இரத்தம் பார்ப்பதும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காகவே. குதிகாலில் குத்துவதைப் பார்த்துப் பாட்டிமார் கண் கலங்குவார்கள். காரணத்தை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இன்சுலின் ஊசி குழந்தைக்கு ஆகாதே? மாத்திரை கொடுக்கச் சொல்லக் கூடாதா?

இதில் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்னபடி இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடக்காது. மெட்ஃபார்மின் மாத்திரைதான் கடந்து குழந்தையின் இரத்தத்தில் சேர்கிறது. அதற்காக மாத்திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது, அரசு வழிகாட்டுதலிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால் "ஊசி வேண்டாம், குழந்தைக்குக் கெடுதல்" என்று மறுப்பதற்கு அடிப்படை இல்லை. உணவு முறையை இரண்டு வாரம் சரியாகக் கடைப்பிடித்தும் வெறும் வயிற்றில் 95க்கும், சாப்பிட்ட இரண்டு மணியில் 120க்கும் கீழே வராவிட்டால் மருந்து தேவைப்படும். "ஒருமுறை ஊசி போட்டால் காலம் முழுவதும் போட வேண்டும்" என்ற அச்சத்துக்கு, பிரசவம் பற்றிய கேள்வியில் விடை இருக்கிறது.

மதியம் சோறு சாப்பிட்டால் 115. காலையில் மூன்று இட்லிக்கு 150. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டரில் கோளாறு இல்லை. ஒரு பெண் கொண்டு வந்த குறிப்பேடு எனக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் எழுதியிருந்தார். காலை உணவுக்கு அடுத்த கட்டங்கள் மட்டும் வரிசையாகச் சிவப்பு மையில் இருந்தன. விடியற்காலையில் கார்டிசால் உச்சத்தில் இருக்கும். நாள் முழுவதும் சுரக்கும் நஞ்சுக்கொடி ஹார்மோன்களோடு அதுவும் சேர்வதால், இன்சுலின் எதிர்ப்பு காலையில்தான் மிக அதிகம். ஆகவே ஒரே அளவு மாவுச்சத்து மதியத்தைவிடக் காலையில் அதிகமாக ஏற்றும்.

இட்லியைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு இட்லி, பருப்பும் காயும் நிறைந்த கெட்டிச் சாம்பார், கூட ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றி, மீதிப் பசியைப் பதினொரு மணிக்குத் தள்ளி வைத்துப் பாருங்கள். சாப்பிட்டபின் மருத்துவர் தடை சொல்லாதவரை பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி மங்கச் செய்த வழியை விட்டு வேறு வழியில் அது போகிறது. அந்த நோட்டுக்காரப் பெண்ணுக்கு இந்த நடையே பாதிக் கட்டங்களை நீல மைக்கு மாற்றியது.

கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்தானே?

கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் அதிலும் மாவுச்சத்துதான் பெரும்பகுதி. நைசாக அரைத்து, கரைத்து, காய்ச்சிக் குடித்தால் விரைவில் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அடையாகவோ, காய்கறி சேர்த்த உப்புமாவாகவோ அளவோடு சாப்பிடுவது மேல். பழச்சாறுக்கும் இதே விதி: பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள்.

பயந்துபோய் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன். இப்போது எண் நன்றாக இருக்கிறது. தொடரலாமா?

தயவுசெய்து வேண்டாம். கர்ப்பிணியின் உடல் பட்டினியை மற்றவர்களைவிட வேகமாக உணரும். இரவு முழுவதும் குழந்தை குளுக்கோஸை எடுத்துக்கொண்டே இருக்க, தாயின் உடல் சீக்கிரமே கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற பொருட்களை உண்டாக்கத் தொடங்கும். அமெரிக்க மருத்துவர் நார்பர்ட் ஃப்ரைங்கல் இதை விரைவுபட்ட பட்டினி என்ற பொருளில் விவரித்தார். பட்டினியால் எண் அழகாகத் தெரியலாம். குழந்தைக்கு அது ஊட்டம் ஆகாது. சஷ்டி, ஏகாதசி, நோன்பு என்று வேண்டுதல் உள்ளவர்கள், குறிப்பாக ஊசி போடுகிறவர்கள், மருத்துவரிடம் கேட்காமல் உணவைத் தவிர்க்கக் கூடாது. மூன்று வேளை, இடையே சிறு உணவு, படுக்கும் முன் சர்க்கரை சேர்க்காத ஒரு டம்ளர் பால் என்று பிரித்துக்கொள்வதே முறை.

சொன்னபடியெல்லாம் செய்கிறேன். ஆனாலும் வாராவாரம் ஊசியின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

எங்கும் இல்லை. 24 வாரம் முதல் 34 வாரம் வரை நஞ்சுக்கொடி நாளுக்கு நாள் வளர்ந்து, ஹார்மோனையும் கூட்டிக்கொண்டே போகிறது என்று முன்பு சொன்னேன். சென்ற வாரம் போதுமாயிருந்த அளவு இந்த வாரம் போதாமல் போவது எதிர்பார்க்க வேண்டியதே. இரட்டைக் குழந்தைகள் என்றால் நஞ்சுக்கொடித் திசு கூடுதலாக இருப்பதால் ஹார்மோன் அளவும் கூடும். அளவு ஏறுவதைத் தண்டனையாக எண்ணி அழும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். குழந்தை வளர்கிறது, நஞ்சுக்கொடி வளர்கிறது, மருந்தும் கூடவே வளர்கிறது.

குழந்தையின் நுரையீரலுக்கு என்று ஊசி போட்டார்கள். அன்றிரவிலிருந்து சர்க்கரை 200ஐத் தாண்டுகிறது. தப்பான ஊசியா?

சரியான ஊசிதான். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடலாம் என்ற நிலையில், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கார்டிசால் செய்யும் வேலையை அதைவிடப் பல மடங்கு வலுவாகச் செய்யும் மருந்து அது. ஆகவே சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கி, ஐந்து நாள் வரை நீடிக்கலாம். அந்த நாட்களில் அடிக்கடி அளந்து, தேவையானால் இன்சுலினைத் தற்காலிகமாகக் கூட்டுவார்கள். குழந்தையின் மூச்சைக் காப்பாற்றக்கூடிய ஊசி என்பதால் சர்க்கரைக்குப் பயந்து அதைத் தவிர்ப்பதில்லை.

37 வாரம் ஆகிறது. திடீரென்று ஊசி குறைவாகவே போதுகிறது, சில சமயம் தாழ்சர்க்கரையும் வருகிறது. குணமாகிவிட்டதா?

மகிழ்ச்சியடையும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. ஹார்மோன் உச்சத்தைத் தொட்டு நின்றபின் தேவை சற்றுக் குறைவது பலருக்கு இயல்பாகவே நடக்கிறது. உணவு குறைந்திருந்தாலும் குறையும். ஆனால் சில நாட்களுக்குள் சட்டென்று பெருமளவு குறைந்தால், நஞ்சுக்கொடி சோர்ந்துபோகிறதோ என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்படிக் குறைந்தாலே ஆபத்து என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. என்றாலும் குழந்தையின் அசைவு, இதயத்துடிப்பு, ஸ்கேனில் இரத்த ஓட்டம் ஆகியவற்றைப் பார்த்துவிடுவதே பாதுகாப்பு. அசைவும் சேர்ந்து குறைந்திருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவ்வளவுக்கும் நஞ்சுக்கொடி ஹார்மோன் காரணம் என்றால், அதை அளந்து பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடலாமே?

நியாயமான கேள்வி. பிளாசென்டல் லாக்டோஜனை அளப்பது ஒரு காலத்தில் நஞ்சுக்கொடியின் நலத்தை அறியும் சோதனையாகவே இருந்தது. ஸ்கேன் வந்தபின் வழக்கொழிந்தது. சர்க்கரைக்கும் அது உதவாது. ஒரே அளவு ஹார்மோன் உள்ள இரு பெண்களில் ஒருத்திக்கு மட்டும் சர்க்கரை வரலாம். நான்காம் கேள்வியில் பார்த்த கணையத்தின் கையிருப்பை இந்த எண் காட்டாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மரபணு விடுபட்டுப் போனதால் பிளாசென்டல் லாக்டோஜன் ஏறக்குறைய இல்லாமலேயே ஆரோக்கியமான குழந்தை பெற்ற அரிய பெண்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளனர். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் இன்சுலின் எதிர்ப்போடு மிக நெருங்கி ஒத்துப்போனது, நஞ்சுக்கொடியும் சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள்தான். லாக்டோஜனோ கார்டிசாலோ அவ்வளவு ஒத்துப்போகவில்லை. ஆகவே ஏதோ ஒரு ஹார்மோனைக் குற்றவாளியாக நிறுத்த முடியாது. பல குரல்கள் சேர்ந்து ஒரே உத்தரவைத் தருகின்றன. ஒரு குரல் இல்லாவிட்டாலும் உத்தரவு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பிரசவம் ஆனதும் சர்க்கரை போய்விடுமா? பத்தியச் சாப்பாட்டோடு ஊசியும் தொடர வேண்டுமா?

நஞ்சு விழுந்தவுடன் ஹார்மோனின் ஊற்று நின்றுவிடுகிறது. பிளாசென்டல் லாக்டோஜன் இரத்தத்தில் அரை மணிக்கும் குறைவான நேரத்தில் பாதியாகக் குறையும். மறுநாளைக்குள் அனேகமாக மறைந்துவிடும். காலையில் முப்பது யூனிட் ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அன்று இரவே எதுவும் தேவைப்படாமல் போவதைப் பார்க்கலாம். கர்ப்பத்தில் மட்டும் வந்த சர்க்கரை என்றால் பெரும்பாலோருக்கு ஊசி அன்றே நின்றுவிடும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இன்சுலின் போடுகிறவர்கள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: பிரசவத்துக்கு முந்தைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

பத்தியத்தில் வரும் பூண்டுக் குழம்பு, கீரை, கருவாடு எதற்கும் தடையில்லை. நெய்யும் கருப்பட்டியும் சேர்ந்த லேகியத்தை மட்டும் சுண்டைக்காய் அளவோடு நிறுத்துங்கள். தாய்ப்பால் கொடுப்பது உங்கள் சர்க்கரைக்கும் நல்லது.

ஆறு வாரத்தில் பார்த்தோம், நார்மல். நஞ்சுக்கொடியே இல்லாதபோது இனி ஏன் வருடா வருடம் பார்க்க வேண்டும்?

முதலில், ஆறு வாரத்தில் பார்த்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்; கைக்குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் பல தாய்மார் தங்களுக்கான இந்தச் சோதனையை மறந்துவிடுகிறார்கள். நஞ்சுக்கொடி போய்விட்டது, ஆனால் அது வெளிக்காட்டிய கையிருப்புக் குறைவு போகவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் குறையாது என்று 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடி கொடுத்த சுமையைப் பின்னாளில் எடையும் வயதும் மெல்ல மெல்லக் கொடுக்கின்றன.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, கரு தரிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கர்ப்பத்தில் இது திரும்ப வருவது சாதாரணம். ஆண்டுச் சோதனைக்கு நாள் நினைவில் நிற்காது என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: குழந்தையின் பிறந்த நாள் வரும் வாரத்தில், கேக்குக்குச் சொல்லும் முன், ஆய்வகத்துக்கு ஒருமுறை போய் வந்துவிடுங்கள்.